58-க்குப் பிறகு: வேலையும் மனநலமும்

மதுரை கோரிப்பாளையத்தில் அரசு இராசாசி மருத்துவமனை வாசலைத் தாண்டிப் போகிறவர்களில் பலருக்கு ஒரு செய்தி தெரிந்திருக்காது. இந்தியக் கண் மருத்துவத்தின் போக்கையே மாற்றிய ஒருவர், வயதாகிவிட்டதென்று விதிப்படி ஓய்வு கொடுத்து அனுப்பப்பட்ட இடம் அது.

டாக்டர் வெங்கடசாமி 1918 அக்டோபர் 1-ல் பிறந்தவர். பழைய ஆட்கள் எர்ஸ்கின் ஆஸ்பத்திரி என்று சொல்லும் அந்த மருத்துவமனையில் கண் பிரிவுக்குத் தலைமை வகித்து, 1976-ல் 58 வயதில் பணி ஓய்வு பெற்றார். முடக்குவாதத்தால் இளம் வயதிலேயே விரல்கள் கோணிப்போய், அந்த விரல்களாலேயே அறுவைக் கத்தி பிடிக்கப் பழகியவர். ஓய்வு பெற்ற அதே ஆண்டில் ஒரு வாடகை வீட்டில் 11 படுக்கைகளோடு அரவிந்த் கண் மருத்துவமனையைத் தொடங்கினார். உலகம் அவரை அறிந்தது அதற்குப் பிறகுதான்.

அவருக்குக் கைத்தொழில் இருந்தது. கூடப்பிறந்தவர்கள் தோள் கொடுத்தார்கள். எல்லோருக்கும் அது வாய்ப்பதில்லை.

நாற்காலியும் நைட் டியூட்டியும்

‘ஆட்கள் தேவை, வயது 35-க்குள்’ என்று கடைக் கண்ணாடியில் ஒட்டியிருக்கும் தாளைப் படித்துவிட்டு நகர்கிற 50 வயதுக்காரருக்குக் கடைசியில் கிடைப்பது பெரும்பாலும் வாட்ச்மேன் வேலை. ஏ.டி.எம். வாசலில் ஒரு பிளாஸ்டிக் நாற்காலி, 12 மணி நேர ஷிப்ட், விடிய விடியக் கண்விழிப்பு. சர்க்கரையும் ரத்த அழுத்தமும் உள்ள உடம்புக்கு இதைவிடக் கெடுதலான வேலை குறைவு. அனுபவம் தேவைப்படும் வேலையை மறுத்துவிட்டு, உடம்பை வாட்டும் வேலையைக் கொடுக்கிறோம். இது அநியாயம் மட்டுமல்ல, நோய்க்கும் காரணம்.

ஆய்வுகள் சொல்வது

வயதானவர்களுக்கு ஆர்வம் குறைவு, மாற்றத்தை ஏற்க மாட்டார்கள், உடம்புக்கு முடியாது, வீட்டு வேலையே அவர்களுக்குப் பெரிது என்றெல்லாம் முதலாளிகள் நினைப்பது சரியா? 400-க்கும் மேற்பட்ட ஆய்வுகளைத் திரட்டி இங், ஃபெல்ட்மன் என்ற இரு ஆய்வாளர்கள் 2012-ல் பார்த்தார்கள். இத்தகைய ஆறு எண்ணங்களில் ஒன்றுக்குத்தான் ஆதாரம் இருந்தது: புதிய பயிற்சியில் சேரும் விருப்பம் சற்றுக் குறைவு. ‘இனிமே இவருக்கு எதுக்கு கம்ப்யூட்டர்?’ என்று ஒதுக்கப்பட்டே பழகியவருக்கு அந்த விருப்பம் எப்படி வரும் என்பது என் கேள்வி.

இன்னொன்று நேராக உடல்நலத்தைத் தொடுகிறது. அமெரிக்காவின் ஓஹியோவில் 50 வயது தாண்டிய 660 பேரை வைத்து உளவியலாளர் பெக்கா லெவி 2002-ல் வெளியிட்ட ஆய்வு அது. தங்கள் முதுமையைப் பற்றி நல்லவிதமாக நினைத்தவர்கள் மற்றவர்களைவிடச் சராசரியாக 7.5 ஆண்டுகள் அதிகம் வாழ்ந்தார்கள். எண்ணம் மட்டுமே ஆயுளைத் தந்தது என்று இதை வைத்துச் சொல்லிவிட முடியாது. ஆனாலும் வருமானம், உடல்நிலை போன்றவற்றைக் கணக்கில் எடுத்த பிறகும் அந்த வித்தியாசம் நின்றது.

சட்டம்

அமெரிக்காவில் 40 வயதுக்கு மேற்பட்டோரை வேலையில் பாகுபடுத்துவதற்கு எதிராக 1967-லேயே சட்டம் வந்தது. நம் அரசமைப்பின் 16-ஆம் பிரிவு மதம், சாதி, பால் என்று அடுக்கும் பட்டியலில் வயது இல்லை. தமிழ்நாடு அரசு ஊழியர்களின் ஓய்வு வயது 2020-ல் 59 ஆகவும் 2021-ல் 60 ஆகவும் உயர்ந்தது. தனியார் கடையில் பில் போடுகிறவருக்கு அதனால் ஒன்றுமில்லை.

வீட்டில் கவனிக்க வேண்டியவை

வேலை போன ஆண்கள் அழுது காட்டுவது குறைவு. எரிந்து விழுவார்கள். ‘இப்ப எங்க வேலை பாக்குறீங்க?’ என்று யாராவது கேட்டுவிடுவார்கள் என்றே கல்யாண வீட்டுக்குப் போகாமல் தவிர்ப்பார்கள். பசியில்லை, தூக்கமில்லை, மேலெல்லாம் வலி என்பார்கள். இரண்டு வாரத்துக்கு மேல் இது நீடித்தால் மனச்சோர்வா என்று பார்க்க வேண்டும். மறதி கூடினாலும் உடனே மூளைத் தேய்வு என்று முடிவுகட்டாதீர்கள். மனச்சோர்வு, தைராய்டு, பி12 குறைபாடு ஆகிய மூன்றாலும் மறதி வரும்; மூன்றுக்கும் சிகிச்சை உண்டு. காது மந்தமானவரையும் மறதிக்காரர் என்று நினைத்துவிடுகிறோம்.

14416 என்ற டெலி மானஸ் மனநல உதவி எண்ணில் தமிழிலேயே இலவசமாகப் பேசலாம். முதியோர் உதவிக்கு 14567. உயிரை விட்டுவிடலாம் என்ற பேச்சு வந்தால் ஒரு நாளும் தள்ளிப்போடாமல் மருத்துவமனைக்கு அழைத்துப் போங்கள்.

டாக்டரிடம் பழைய மருந்துச் சீட்டை நீட்டும்போது, வேலை எப்போது போனது என்பதையும் சொல்லுங்கள். சர்க்கரை ஏன் திடீரென்று ஏறியது, தூக்கம் எந்த மாதத்தில் கெட்டது என்பது அவருக்கு அப்போதுதான் பிடிபடும்.