ஐந்தின் அடுக்கும் களத்துக் கணக்கும்

நெல் மூட்டைகளை வண்டியில் ஏற்றுங்கால், மூட்டைக்கு ஒன்றாக நான்கு கோடுகள் இட்டு, ஐந்தாவதைக் குறுக்கே இழுப்பது நம் அங்கத்தினர்களுக்குப் புதிதன்று. கைக்கு ஐந்து விரல் இருப்பதால் வந்த வழக்கம் இது. நம் பழைய அளவைகளிலும் ஐந்துக்கு இடமுண்டு. ஐந்து செவிடு ஓர் ஆழாக்கு. ஐந்து மரக்கால் ஒரு பறை. எண்பது பறை, அதாவது 400 மரக்கால், ஒரு கரிசை. பின்னங்களில் மா என்பது இருபதில் ஒரு பங்கு. ஐந்து மா சேர்ந்தால் கால். 1956ஆம் ஆண்டின் எடை, அளவைச் சட்டத்திற்குப் பின் மெட்ரிக் அளவைகள் பரவின. கோடிட்டு எண்ணும் வழக்கம் மட்டும் நிலைத்து நிற்கிறது.

இவ்வழக்கத்தை இன்னும் சிறிது நீட்டினால் அது ஐந்தடிமான எண்முறை ஆகிவிடும். ஐந்து கோடுகள் ஒரு கட்டு. ஐந்து கட்டுகள் 25. அவற்றில் ஐந்து சேர்ந்தால் 125. இதில் 0 முதல் 4 வரை ஐந்து இலக்கங்களே போதும்.

348 மூட்டைகள் இருப்பதாகக் கொள்வோம். அவற்றில் 125 இரண்டு முறை அடங்கும், மீதி 98. அதில் 25 மூன்று முறை, மீதி 23. அதில் ஐந்து நான்கு முறை, மீதி 3. எனவே 348 என்பது ஐந்தடிமானத்தில் 2343 ஆகும்.

கடைசி இலக்கம் ஐந்தால் வகுத்த மீதியைக் காட்டும். இங்கு அது 3. இலக்கங்களின் கூட்டுத்தொகை 12; அது நான்கால் வகுபடுவதால் 348உம் நான்கால் வகுபடும். ஏனெனில் 5, 25, 125 ஆகிய ஒவ்வொன்றும் நான்கின் மடங்கைவிட ஒன்றே கூடுதல். வலமிருந்து ஒன்றுவிட்டு ஒன்றாகக் கூட்டியும் கழித்தும் பார்த்தால் 3−4+3−2, அதாவது சுழி. ஆகவே ஆறாலும் வகுபடும். நான்கு பேரோ ஆறு பேரோ பங்கிட்டால், முறையே 87உம் 58உம் மீதியின்றிக் கிடைக்கும்.

இதனால் என்ன பயன் எனக் கேட்கலாம். ஒரு களத்தில் 348, மற்றொன்றில் 137. மொத்தம் 486 என ஏட்டில் பதிவாகியிருப்பதாகக் கொள்வோம். 137 என்பது 1022. இலக்கங்களின் கூட்டுத்தொகை 5, நான்கால் வகுத்தால் மீதி 1. முதற்களத்து மீதி சுழி. ஆகவே மொத்தத்தின் மீதி 1 ஆதல் வேண்டும். ஆனால் 486 என்பது 3421. கூட்டுத்தொகை 10, மீதி 2. பதிவில் பிழை உண்டு என்பது தெளிவு. சரியான தொகை 485.

இச்சோதனைக்கு எல்லையும் உண்டு. பிழை நான்கின் மடங்காக இருந்தாலும், ஐந்தடிமான இலக்கங்கள் இடம் மாறினாலும் இது காட்டாது. ஆகவே மீதி ஒத்திருப்பதை மட்டும் நம்பாமல், மீண்டும் ஒருமுறை கூட்டிப் பார்த்தல் நலம்.

ஏட்டில் விட்டுப்போகும் ஒரு மூட்டை, ஓர் அங்கத்தினரின் பல நாள் உழைப்பு. நூற்கட்டுகளை எண்ணி வாங்கும் நெசவாளருக்கும் இது பொருந்தும். எழுத்தரை ஐயுறுவதற்காக இதனைக் கூறவில்லை. தம் கணக்கைத் தாமே சரிபார்க்க வல்ல அங்கத்தினர்களே சங்கத்திற்குப் பலம். பிள்ளைகளுக்கும் இதனைக் கற்பிக்கலாம். ஒரு பலகையும் சுண்ணக்கட்டியும் போதும்.