சிங்கப்பூர் வானத்தில் நட்சத்திரங்களைப் படமெடுக்க முடியுமா?

சிங்கப்பூரில் இரவு வானத்தை நிமிர்ந்து பார்த்தால் என்ன தெரியும்?

ஒரு நிலா, நாலைந்து நட்சத்திரம், சாங்கியில் தரையிறங்கக் காத்திருக்கும் சில விமானங்கள்.

2016ஆம் ஆண்டு வெளிவந்த உலக ஒளி மாசு வரைபடத்தில் சிங்கப்பூர் முதலிடத்தில் இருந்தது. கண்கள் இருளுக்கு முழுமையாகப் பழக முடியாத அளவுக்கு வெளிச்சமான வானத்தின்கீழ் நாம் எல்லாருமே வாழ்கிறோம் என்றது அந்த ஆய்வு.

அதனால் "இங்கே அதெல்லாம் நடக்காது" என்று பலர் முயற்சி செய்வதே இல்லை. சிலரோ ஆர்வத்தில் பெரிய தொலைநோக்கி வாங்குகிறார்கள். இரண்டு மாதத்தில் அது ஸ்டோர்ரூமுக்குப் போய்விடுகிறது.

இரண்டும் தேவையில்லை. இங்கிருந்து எதைப் படமெடுக்க முடியும், எதற்கு வெளியூர் போகணும் என்று தெரிந்துகொண்டால் போதும். இணையத்தில் கிடைக்கும் வழிகாட்டிகளில் பெரும்பாலானவை ஐரோப்பா, அமெரிக்க வானத்துக்காக எழுதப்பட்டவை. பூமத்தியரேகைக்கு வெறும் 1.3 பாகை வடக்கே இருக்கும் நமக்கு அவற்றில் சில பொருந்தாது.

எதிலிருந்து தொடங்குவது?

நிலாவிலிருந்து. ஒளி மாசு நிலாவை ஒன்றும் செய்யாது. புளோக்கின் கீழே நின்றே எடுக்கலாம்.

கைத்தொலைபேசியில் எடுத்தால் நிலா ஏன் வெறும் வெள்ளை உருண்டையாக விழுகிறது? சுற்றிலும் இருட்டு என்பதால் கேமரா வெளிச்சத்தைக் கூட்டிவிடுகிறது. ஆனால் நிலா என்பது வெயிலில் கிடக்கும் பாறை. அதைப் பகல் காட்சியாக நினைத்துப் படமெடுக்கணும்.

முழுநிலவுக்கு ஐஎஸ்ஓ 100, எஃப்/8, ஷட்டர் 1/200 விநாடி. இங்கே தொடங்கி, படத்தைப் பார்த்துக் கூட்டிக் குறைக்கலாம். கைத்தொலைபேசி என்றால் திரையில் நிலாவைத் தொட்டு, வெளிச்சத்தைக் கீழே இழுத்துவிடுங்கள்.

உண்மையில் முழுநிலவு அன்று எடுப்பதைவிட அரைநிலவு அன்று எடுப்பது நல்லது. முழுநிலவில் நிழலே இருக்காது, சப்பையாகத் தெரியும். அரைநிலவில் ஒளியும் இருளும் சந்திக்கும் கோட்டை ஒட்டிப் பள்ளங்கள் அப்படியே எழுந்து நிற்கும். அப்போது வெளிச்சம் குறைவு என்பதால் ஷட்டரை 1/60 விநாடி வரை மெதுவாக்கலாம்.

நிலா பெரிதாக விழணும் என்றால் லென்ஸ் நீளமாக இருக்கணும். 200 மில்லிமீட்டர் லென்ஸில்கூட சென்சார்மீது விழும் நிலாவின் அளவு 2 மில்லிமீட்டரைத் தாண்டாது.

என்ன கேமரா வேணும்?

கைமுறையாக அமைக்கக்கூடிய எந்தக் கேமராவும் போதும். பத்து வருடம் பழைய டிஎஸ்எல்ஆர் பரவாயில்லை. வீட்டில் ஒன்று இருந்தால் புதிது வாங்காதீர்கள்.

பணம் செலவழிப்பதாக இருந்தால் முதலில் முக்காலிக்குச் செலவழியுங்கள். காற்றில் ஆடும் முக்காலிமீது எவ்வளவு நல்ல கேமராவை வைத்தாலும் நட்சத்திரம் புழுவாகத்தான் விழும். அடுத்தது எஃப்/2.8 அல்லது அதைவிட அகலமாகத் திறக்கும் அகலக்கோண லென்ஸ். ஷட்டர் பொத்தானை அழுத்தும்போது கேமரா அசையும். அதைத் தவிர்க்க 2 விநாடி டைமர் எல்லாக் கேமராவிலும் இருக்கிறது, இலவசம்.

கைத்தொலைபேசி மட்டும்தான் இருக்கிறதா? அதையும் முக்காலியில் பொருத்தி இரவு முறையில் எடுக்கலாம். 2019இல் வந்த கூகுள் பிக்சல் 4, விண்மீன்களுக்கென்றே ஒரு முறையைக் கொண்டுவந்தது. நான்கு நிமிடம் வரை பல படங்களை எடுத்து ஒன்றாக்கித் தருகிறது.

நட்சத்திரங்களுக்கு எத்தனை விநாடி?

பூமி சுழல்வதால் வானம் ஒரு மணி நேரத்தில் 15 பாகை நகர்கிறது. ஷட்டர் அதிக நேரம் திறந்திருந்தால் புள்ளி கோடாகிவிடும்.

'500 விதி' என்று ஒன்றைப் பலர் சொல்வார்கள். 500ஐ லென்ஸின் நீளத்தால் வகுத்தால் அதுதான் விநாடி. 24 மில்லிமீட்டர் லென்ஸுக்குச் சுமார் 20 விநாடி. சிறிய சென்சார் கொண்ட கேமரா என்றால் லென்ஸ் நீளத்தை முதலில் 1.5ஆல் பெருக்கணும், அப்போது 14 விநாடிதான் கிடைக்கும்.

ஆனால் நமக்கு இதுவே அதிகம். படத்தில் வேகமாக நகர்பவை வான நடுக்கோட்டுக்கு அருகில் உள்ள நட்சத்திரங்கள். அந்தக் கோடு நம் தலைக்கு மேலேயே போகிறது. 500க்குப் பதிலாக 300 வைத்துக் கணக்கிடுங்கள். 24 மில்லிமீட்டருக்கு 12 விநாடி.

நகருக்குள் அதுவரைகூடப் போக முடியாது, வானம் வெளுத்துவிடும். ஐஎஸ்ஓ 800, எஃப்/2.8, 6 முதல் 8 விநாடி என்று தொடங்கலாம். ஒரே படத்தை நம்பாமல் 16 படம் எடுத்துக் கணினியில் அடுக்கினால் படத்தின் புள்ளி இரைச்சல் நாலில் ஒரு பங்காகக் குறையும். சீக்வேட்டர் என்ற இலவச மென்பொருள் இதைச் செய்யும். 'ரா' வடிவில் எடுத்திருந்தால் நகர வெளிச்சத்தின் மஞ்சள் நிறத்தைப் பிறகு கழிப்பது சுலபம்.

ஃபோகஸ்? தானியங்கி முறையை அணைத்துவிடுங்கள். பிரகாசமான ஒரு நட்சத்திரத்தைத் திரையில் பெரிதாக்கி, அது மிகச் சிறிய புள்ளியாகும் வரை கையால் திருப்பணும். பெரும்பாலான முதல் இரவுகள் வீணாவது இந்த இடத்தில்தான்.

முதலில் எந்த நட்சத்திரம்?

நம் வீடுகளில் "என்ன நட்சத்திரம்?" என்று கேட்டால் எல்லாருக்கும் பதில் தெரியும். அது வானத்தில் எங்கே இருக்கிறது என்றால் பலருக்குத் தெரியாது. அங்கிருந்து தொடங்கலாமே.

திருவாதிரை, ரோகிணி, சித்திரை, சுவாதி, கேட்டை எல்லாமே சிங்கப்பூர் வானத்திலும் கண்ணுக்குத் தெரியும் பிரகாசமான நட்சத்திரங்கள். திருவாதிரையும் கேட்டையும் சிவப்பு, படத்தில் நிறம் நன்றாகவே தெரியும். கார்த்திகை கொஞ்சம் கஷ்டம். கண்ணுக்கு மங்கலாகத் தெரிந்தாலும் கேமரா பிடித்துவிடும். எது எப்போது, எங்கே என்பதை ஸ்டெல்லேரியம் செயலியில் பார்க்கலாம்.

வாங்குமுன் இதைக் கவனியுங்க

கொஞ்சம் பழகியதும் 'டிராக்கர்' வாங்கும் ஆசை வரும். வானத்தோடு சேர்ந்து கேமராவைத் திருப்பும் சிறு கருவி அது. நிமிடக்கணக்கில் ஷட்டரைத் திறந்து வைக்கலாம்.

அதன் அச்சைத் துருவ நட்சத்திரத்தை நோக்கித் திருப்பணும் என்று கையேடு சொல்லும். இங்கே துருவ நட்சத்திரம் அடிவானத்தை ஒட்டிக் கிடக்கிறது. புளோக்குகளையும் மூடுபனியையும் தாண்டி அது தெரியாது. திசைகாட்டியும் கோணமானியும் வைத்துத்தான் சரிசெய்யணும். சில கருவிகளை 1 பாகை அளவுக்குத் தாழ்வாகச் சாய்க்கவே முடியாது. இணையத்தில் வாங்குபவர்கள், கருவி எந்தக் குறைந்தபட்சக் கோணம் வரை இறங்கும் என்று கேட்காமல் பணம் கட்டாதீர்கள்.

நமக்கு மட்டும் கிடைப்பது

நட்சத்திரக் கோடுகள் படம் பார்த்திருப்பீர்கள். வானத்தில் வட்டம் வட்டமாக இருக்கும். இங்கே கிழக்கு நோக்கிக் கேமராவை வைத்தால் நடுவில் நேர்க்கோடுகளும், இரு பக்கமும் எதிரெதிராக வளையும் கோடுகளும் விழும். இரண்டு துருவமும் அடிவானத்தில் இருப்பதால் வரும் அழகு அது. 10 விநாடிப் படங்களை ஒரு மணி நேரம் இடைவிடாமல் எடுத்து ஸ்டார்ஸ்டாக்ஸ் மென்பொருளில் இணைத்தால் போதும், நகரிலிருந்தே இது முடியும்.

ஏப்ரல், மே மாத முன்னிரவுகளில் வடக்கே சப்தரிஷி மண்டலத்தையும் தெற்கே தென்சிலுவையையும் ஒரே நேரத்தில் பார்க்கலாம். லண்டனில் இருப்பவர்களுக்குத் தென்சிலுவை தெரியவே தெரியாது. பால்வீதியின் மையம் அங்கே 10 பாகைக்குமேல் எழும்பாது. இங்கே 60 பாகை உயரத்துக்கு வருகிறது.

அப்படியானால் பால்வீதி இங்கிருந்து தெரியுமா? உயரம் இருந்தும், வெளிச்சம் அதை விழுங்கிவிடுகிறது. அதற்கு ஜொகூரின் மெர்சிங் பக்கமோ தியோமான் தீவுக்கோ போகணும். நிலா இல்லாத இரவு, 24 மில்லிமீட்டர் லென்ஸ், ஐஎஸ்ஓ 3200, எஃப்/2.8, 12 விநாடி. மையப் பகுதியை முன்னிரவிலேயே பிடிக்க ஜூன் முதல் செப்டம்பர் வரை வசதி. புகைமூட்டம் வராமல் இருக்கணும், அவ்வளவுதான்.

ஈரம்தான் எதிரி

குளிர்சாதன அறையிலிருந்து கேமராவை வெளியே எடுத்தால் லென்ஸ் உடனே பனித்துவிடும். பையை மூடியபடியே அரை மணி நேரம் வெளியே வைத்துவிட்டு எடுங்கள். வீட்டில் உலர் பெட்டி இல்லையென்றால், காற்றுப் புகாத டப்பாவில் சிலிக்கா ஜெல் பைகளோடு வையுங்கள். லென்ஸுக்குள் பூஞ்சை பிடித்தால் சுத்தம் செய்யும் செலவு லென்ஸ் விலையைத் தொடக்கூடும்.

இன்னொன்று. உரிய சூரிய வடிகட்டி இல்லாமல் கேமராவையோ தொலைநோக்கியையோ சூரியன் பக்கம் திருப்பவே கூடாது. கண்ணுக்கு நிரந்தரப் பாதிப்பு வரும்.

நாள்காட்டியில் குறித்துக்கொள்ள

2028 டிசம்பர் 31ஆம் தேதி இரவு முழுச் சந்திர கிரகணம். சிங்கப்பூர் நேரப்படி நள்ளிரவு தாண்டிச் சுமார் கால் மணி நேரத்தில், அதாவது 2029 புத்தாண்டு பிறந்த கையோடு, நிலா முழுமையாகச் சிவக்கும். 71 நிமிடம் நீடிக்கும். நிலா அப்போது வானத்தில் மிக உயரத்தில் இருப்பதால் கட்டடங்கள் மறைக்காது. ஆனால் முக்காலியின் தலைப்பகுதி அந்த அளவுக்கு மேல்நோக்கிச் சாயுமா என்று முன்கூட்டியே பார்த்துக்கொள்ளுங்கள்.

கிரகண நிலா மிகவும் மங்கல். வழக்கமான நிலா அமைப்புகள் உதவாது. ஐஎஸ்ஓ 1600, எஃப்/5.6, 1 விநாடி என்று தொடங்கலாம். டிசம்பர் மாதம் என்பதால் மழை மேகம் விலகுமா என்பதுதான் கேள்வி.