ஹட்சன் பள்ளத்தாக்கின் ஆப்பிள் பருவம்

அமெரிக்காவின் நியூயார்க் மாநிலத்தில் செப்டம்பர் தொடங்கி அக்டோபர் இறுதிவரை நீளும் இலையுதிர் காலத்தில், நகரத்துக் குடும்பங்கள் வார இறுதியில் வடக்கு நோக்கிக் காரில் புறப்பட்டு, ஹட்சன் ஆற்றின் இரு கரைகளிலும் உள்ள ஆப்பிள் தோட்டங்களில் தங்கள் கையாலேயே பழம் பறித்துக்கொண்டு மாலையில் வீடு திரும்புவது நிலைத்த வழக்கமாகிவிட்டது. நுழைவாயிலில் பைக்கு இவ்வளவு என்று பணம் கட்ட வேண்டும். பைகள் 'பெக்', 'புஷல்' என்னும் பழைய முகத்தல் அளவுகளில் கிடைக்கின்றன. ஒரு பெக் ஏறத்தாழ நாலரை கிலோ ஆப்பிள் கொள்ளும். நான்கு பெக் ஒரு புஷல். டிராக்டர் இழுக்கும் வண்டியில் சவாரி, பரங்கிக்காய்க் குவியல், சுடச்சுட டோனட் என்று திருவிழாக் களை கட்டியிருப்பதால், இதை வெறும் பொழுதுபோக்கு என்று ஒதுக்கிவிடத் தோன்றும். ஆனால் பேரங்காடிகள் கைவிட்ட பழ வகைகள் பல இன்னும் மண்ணில் நிற்பதற்கு இத்தோட்டங்களும், அவற்றை நாடி வருபவர்களுமே பெரிய காரணம் என்பதை மறுக்க முடியாது.

பறிக்கும் முறையிலேயே மரத்தின் இயல்பு விளங்கிவிடுகிறது. ஆப்பிள் பெரும்பாலும் 'குறுங்கிளை' எனப்படும், விரல் நீளம்கூட இல்லாத, வளையம் வளையமாகச் சுருக்கம் விழுந்த தடித்த சிறு கிளைகளில்தான் காய்க்கிறது. பழம் பழுத்துத் தொங்கும்போதே, அதன் காம்பை ஒட்டி, அடுத்த வசந்தத்தில் பூக்க வேண்டிய மொட்டு கோடையிலேயே உருவாகித் தயாராக இருக்கும். எனவே பழத்தைப் பிடித்துக் கீழே இழுப்பவர், இவ்வாண்டின் பழத்தோடு அடுத்த ஆண்டின் விளைச்சலையும் ஒடித்துக்கொண்டு போகிறார். உள்ளங்கையில் பழத்தை ஏந்தி, காம்பின் மேல் விரலை வைத்து, மேல்நோக்கி உயர்த்தி இலேசாகத் திருப்பினால், முதிர்ந்த பழம் காம்போடு தானே கழன்றுவிடும். கழலாவிட்டால் அது இன்னும் முதிரவில்லை என்று விட்டுவிடுவதே முறை. மேல்தோலின் சிவப்பை மட்டும் நம்புவதற்கில்லை. பகல் வெயிலும் இரவுக் குளிரும் சேர்ந்து அந்தோசயனின் என்னும் நிறமியைக் கூட்டுவதால் காய்கூடச் சிவந்திருக்கலாம். சிவப்புக்கு அடியில் தெரியும் பச்சை மஞ்சளாக மாறியிருக்கிறதா, வெட்டினால் விதை பழுப்பேறியிருக்கிறதா என்பவையே மெய்யான அடையாளங்கள். தோட்டக்காரர்கள் பழத்தைக் குறுக்கே வெட்டி அயோடின் கரைசல் தடவிப் பார்ப்பதும் உண்டு. மாவுச்சத்து உள்ள இடம் கருநீலமாகும். கருமை குறையக் குறைய மாவுச்சத்து சர்க்கரையாக மாறிவருகிறது என்று பொருள்.

ஆப்பிள் விதை தாய்மரத்தின் குணத்தை அப்படியே தருவதில்லை. ஒவ்வொரு விதையும் புதியதொரு மரத்தையே முளைப்பிக்கும். ஆகவே, விரும்பிய வகையின் குச்சியை வேறொரு வேர்ச்செடியின்மீது பொருத்தி வளர்க்கும் ஒட்டுக்கட்டுதல் இல்லையேல் எந்த வகையும் நிலைத்திராது. இன்று நியூயார்க் நகருக்குள் அடங்கிவிட்ட குவீன்ஸ் பகுதியில் தோன்றிய நியூடவுன் பிப்பின், ஹட்சன் கரையை அடுத்த அல்ஸ்டர் மாவட்டத்தில் பிறந்த எசோபஸ் ஸ்பிட்சன்பர்க், ஜானதன் ஆகியவை இம்மண்ணில் தற்செயலாக முளைத்துப் பெயர் பெற்றவை. முதலிரண்டையும் அதிபர் தாமஸ் ஜெஃபர்சன் வர்ஜீனியாவில் உள்ள தம் மான்டிசெல்லோ தோட்டத்தில் வளர்த்தார். பின்னர் இதே மாநிலத்தின் ஜெனீவா நகரில் அமைந்த, கார்னெல் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஆய்வு நிலையம் மெக்கின்டாஷையும் ரெட் டெலிஷியஸையும் கலந்து 'எம்பயர்' என்னும் வகையை 1966-இல் வெளியிட்டது. கப்பலிலும் குளிர்கிடங்கிலும் பல மாதம் தாங்குவதும், ஒரே அளவில் பளபளப்பதும்தான் சந்தை எதிர்பார்க்கும் குணங்கள். ஸ்பிட்சன்பர்க்கோ நோய்க்கு எளிதில் இரையாகும்; நார்தர்ன் ஸ்பை என்னும் இன்னொரு பழைய வகை காய்ப்பதற்குப் பத்தாண்டுகூட ஆகலாம். சுவையில் இவற்றுக்கு ஈடு காண்பது அரிது என்றாலும் கடைக்காரர் கணக்கில் இவை தேறவில்லை.

இப்பயணங்களில் பெரும்பாலும் பேசப்படாத ஒரு வரலாறும் உண்டு. ஐரோப்பியர் கொண்டுவந்த ஆப்பிளைப் பூர்வகுடிகளான ஹோடெனோஷோனி மக்கள் தங்கள் ஊர்களில் ஏற்று வளர்த்தனர். அமெரிக்க விடுதலைப் போரின்போது 1779-இல் தளபதி ஜான் சல்லிவனின் படை மாநிலத்தின் மேற்குப் பகுதிக்குள் புகுந்து, அவர்களின் ஊர்களையும் சோளக் கொல்லைகளையும் பழத்தோட்டங்களையும் அழித்தது. அம்மக்களுள் ஒரு பிரிவினரான செனக்கா இனத்தாரின் கனடசாகா என்னும் ஊரும் அவற்றுள் ஒன்று; ஆப்பிள் ஆய்வுக்குப் பெயர்பெற்ற ஜெனீவா நகரம் இன்று இருப்பது அதன் அருகில்தான். ஆப்பிளின் பெருமையைப் பேசும் தோட்டங்கள் இதையும் சொல்ல வேண்டும். அதுபோலவே, விற்பனைக்கான அறுவடையில் பெரும்பகுதியைப் பருவகால அனுமதியில் ஜமைக்காவிலிருந்தும் மெக்சிகோவிலிருந்தும் வரும் தொழிலாளர்கள் ஏணியும் தோளில் தொங்கும் கூடையுமாகச் செய்கிறார்கள். விருந்தினர் பறிப்பது அதில் ஓர் ஓரம் மட்டுமே.

தோட்டத்துக் கடையில் கிடைக்கும் 'சைடர்' என்பது வடிகட்டாத பழச்சாறு. புளிக்கவைத்துப் போதையேற்றியது வேறு. பச்சைச் சாற்றால் 1996-இல் ஈ.கோலை தொற்று பரவியபின், வெப்பத்தாலோ புற ஊதா ஒளியாலோ கிருமி நீக்குவது பரவலாயிற்று. குழந்தைகளுக்கு வாங்குபவர்கள் புட்டியில் ஒட்டிய சீட்டைப் பார்த்து வாங்குவது நல்லது.

உழவரின் இடர் இவற்றுக்கெல்லாம் மேல் நிற்கிறது. 2012-இல் மார்ச் மாதமே வெயிலடித்து மரங்கள் முன்கூட்டிப் பூக்க, ஏப்ரல் உறைபனி அவற்றைக் கருக்கியது. 2023 மே 18 அன்று ஒரே இரவின் உறைபனியில் மாநிலத்தின் பல தோட்டங்களில் பூவும் பிஞ்சும் கருகின. மொத்த விலை நிலையில்லாத சிறு தோட்டத்துக்கு, நேரில் வந்து பை நிரப்பிப் பணம் தருகிற விருந்தினரின் வருகை பெரிய ஊன்றுகோல். ஆகவே செல்பவர்கள் புறப்படுமுன் எந்த வகை எந்த வாரத்தில் பழுக்கிறது என்று தோட்டத்தாரிடம் விசாரித்து, அறிந்த வகைகளோடு நிற்காமல், நார்தர்ன் ஸ்பை, ஸ்பிட்சன்பர்க் போன்ற பழைய வகை ஒன்றையாவது கேட்டு வாங்க வேண்டும். கேட்பவர் இருக்கும்வரைதான் அம்மரங்களைத் தோட்டக்காரர் வெட்டாமல் வைத்திருப்பார்.