குளிர்நீரில் சிறைப்பட்ட காற்று

சைக்கிள் சக்கரத்திற்குக் காற்றடித்தவர்கள் ஓர் உண்மையை அனுபவத்தால் அறிவார்கள். இருபது முப்பது முறை அழுத்தியதும் பம்பின் அடிப்பாகம் கையால் தொட இயலாத அளவுக்குச் சூடேறிவிடுகிறது. உராய்வு இதற்கு ஒரு சிறு காரணமே. காற்றை அழுத்துவதற்கு நாம் செலவிடும் வேலை, அக்காற்றினுள் உஷ்ணமாகச் சேர்ந்துவிடுவதே பெருங்காரணம். இந்த எளிய உண்மையே, ஆற்றல் மிகுந்த சில மோட்டார் கார்களில் இஞ்சினின் குளிர்நீரோடு சேராத தனியானதொரு நீர்ச்சுற்றை அமைக்கும்படி பொறியியலாரைத் தூண்டியது. அந்நீர்ச்சுற்றில் கையளவு காற்று சிக்கிக்கொண்டாலும் விளையும் தீங்கு பெரிது. அத்தீங்கு எவ்வாறு நேர்கிறது, அக்காற்றை எவ்வாறு வெளியேற்றுவது என்பவற்றை இங்கே காண்போம்.

காற்றை அழுத்துவது எதற்காக?

ஒரு கிலோகிராம் பெட்ரோல் முற்றிலும் எரிவதற்கு ஏறத்தாழ 14.7 கிலோகிராம் காற்று வேண்டும். ஆகவே இஞ்சினின் திறனை வரையறுப்பது பெட்ரோல் அன்று. சிலிண்டருக்குள் நுழையக்கூடிய காற்றின் எடையே ஆகும். சிலிண்டரைப் பெரிதாக்காமலே அதனுள் மிகுதியான காற்றைத் திணிக்கும் சாதனம் சூப்பர்சார்ஜர் எனப்படுகிறது. இதன் ஒரு வகைக்கு மூலமான இரட்டைச் சுழலிக் காற்றூதியை அமெரிக்க நாட்டு இண்டியானா மாநிலத்தைச் சேர்ந்த ரூட்ஸ் சகோதரர்கள் 1860-இல் உருவாக்கினர். உலைகளுக்குக் காற்றூதப் பயன்பட்ட அச்சாதனம் பிற்காலத்தில் மோட்டார் இஞ்சினுக்கு வந்து சேர்ந்தது. 1921-இல் பெர்லின் நகரக் கண்காட்சியில் மெர்சிடிஸ் நிறுவனம் சூப்பர்சார்ஜர் பொருத்திய கார்களை மக்கள் பார்வைக்கு வைத்தது.

இனி, அழுத்தத்தால் ஏறும் உஷ்ணத்தைக் கணக்கிட்டுப் பார்ப்போம். 27 டிகிரி சென்டிகிரேட் உஷ்ணநிலையில் உள்ள காற்றை வாயுமண்டல அழுத்தத்தின் 1.7 மடங்குக்கு அழுத்துவதாகக் கொள்வோம். எவ்வித விரயமும் இன்றி அழுத்தினால் உஷ்ணநிலை சுமார் 49 டிகிரி உயரும். நடைமுறையில் அழுத்தும் கருவியின் வினைத்திறன் 65 சதவீதம் என்று வைத்துக்கொண்டால், உயர்வு ஏறத்தாழ 75 டிகிரி ஆகிறது. அதாவது, காற்று 102 டிகிரி சூட்டில் வெளிவருகிறது. சூடான காற்று விரிந்து நிற்பதால் திணித்த பயனில் ஒரு பகுதி வீணாகிறது. அதை 50 டிகிரிக்குக் குளிர்வித்தால் அதே அழுத்தத்தில் அதன் அடர்த்தி 16 சதவீதம் கூடுகிறது. இவ்வாறு குளிர்விக்கும் சாதனமே இன்டர்கூலர்.

தனி நீர்ச்சுற்று

காற்றைக் காற்றாலேயே குளிர்விக்கலாம். ஆனால் அதற்குப் பருத்த குழாய்களும் மிகுந்த இடமும் தேவை. நீரைக் கொண்டு குளிர்விப்பின் சாதனம் சிறிதாகிறது. ஒரு கன அளவு நீர் ஒரு டிகிரி சூடேறுவதற்கு ஏற்கும் உஷ்ணம், அதே கன அளவு காற்று ஏற்பதைப்போல் ஏறத்தாழ 3,500 மடங்காகும். இரண்டாம் உலகப் போரின்போது 1942-இல் பணிக்கு வந்த ஒன்பதாம் வகை ஸ்பிட்ஃபயர் விமானத்தின் ரோல்ஸ்-ராய்ஸ் மெர்லின் இஞ்சினில் இரண்டு கட்டமாகக் காற்றை அழுத்தும் சூப்பர்சார்ஜர் அமைந்திருந்தது. அக்காற்றைக் குளிர்விக்க அதற்கெனத் தனிப் பம்பும் தனி ரேடியேட்டரும் கொண்ட திரவச் சுற்று ஒன்றும் அதில் இருந்தது. இன்றைய கார்களில் உள்ள அமைப்பு இதன் வழிவந்ததே எனலாம்.

இஞ்சினைச் சுற்றி ஓடும் நீரையே இதற்கும் பயன்படுத்தலாகாதா என்ற கேள்வி எழலாம். இஞ்சின் நீர் சுமார் 90 டிகிரி சூட்டில் இயங்குவது. காற்றை 50 டிகிரிக்குக் கொண்டுவரும் தகுதி அதற்கு இல்லை. ஆதலால் காரின் முன்பக்கத்தில் தனியாக ஒரு ரேடியேட்டர், மின்சாரத்தால் சுழலும் சிறு பம்பு, நீர் ஊற்றுவதற்கு ஒரு தொட்டி, இவற்றை இணைக்கும் ரப்பர் குழாய்கள் என்று தனிச்சுற்று அமைக்கப்படுகிறது. இன்டர்கூலர் இருக்கும் இடம் காருக்குக் கார் வேறுபடும். 2003, 2004 ஆண்டுகளின் ஃபோர்டு மஸ்டாங் கோப்ரா காரில் அது சூப்பர்சார்ஜரின் அடியில் இருந்தது. 2009 முதல் 2015 வரை வெளிவந்த இரண்டாம் தலைமுறை கடிலாக் சி.டி.எஸ்.-வி காரில் அது சூப்பர்சார்ஜரின் மூடிக்குள், இஞ்சினின் உச்சியிலேயே அமைந்திருந்தது. நமது பிரச்சினை தோன்றும் இடம் இந்த உச்சிதான்.

காற்று ஏன் தங்கிவிடுகிறது?

பம்பையோ குழாயையோ மாற்றுவதற்காக நீரை வடித்துவிட்டு மீண்டும் நிரப்பும்போது, உட்புறத்தில் இருந்த காற்று முழுவதும் வெளியேறுவதில்லை. நீர் தாழ்ந்த இடத்தை நாடும். காற்று உயர்ந்த இடத்தை நாடும். நீர் ஊற்றும் தொட்டியின் வாயைவிட இன்டர்கூலர் உயரத்தில் இருந்தால், எவ்வளவு ஊற்றினாலும் அதன் மேற்பாகத்தில் காற்று எஞ்சியே தீரும். வளைந்து ஏறி இறங்கும் குழாயின் முகட்டிலும் இதே நிலை.

ஓடும் நீர் அக்காற்றை அடித்துச் செல்லாதா? இதற்கு விடை ஓட்டத்தின் வேகத்தில் இருக்கிறது. 19 மில்லிமீட்டர் உள்விட்டமுள்ள குழாயை அடைத்து நிற்கும் ஒரு பெருங்குமிழி, அசையா நீரில் வினாடிக்குச் சுமார் 15 சென்டிமீட்டர் வேகத்தில் மேலேறும். நிமிஷத்திற்கு 15 லிட்டர் நீர் அக்குழாயில் ஓடினால் அதன் வேகம் வினாடிக்கு 88 சென்டிமீட்டர். ஆகவே குழாய்க்குள் இருக்கும் குமிழி நீரோடு இழுபட்டுச் சென்றுவிடும். ஆனால் இன்டர்கூலரின் முனையறை, குழாயைப்போல் இருபது மடங்கு அகன்றது என்று கொள்வோம். அங்கே நீரின் வேகம் 4.4 சென்டிமீட்டராகக் குறைந்துவிடுகிறது. சில மில்லிமீட்டர் அளவுள்ள சிறு குமிழிகூட நீரில் வினாடிக்கு இருபது சென்டிமீட்டருக்கு மேல் எழும்பக்கூடியது. எனவே அறையின் கூரையில் ஒட்டிய காற்றுக்கு நீரோட்டம் ஒரு பொருட்டே அன்று.

பம்பின் இயல்பும் இதில் கவனிக்கத்தக்கது. கிணற்றடியில் பம்புசெட்டை ஓட்டுமுன் அதனுள் தண்ணீர் ஊற்றி நிரப்பும் வழக்கத்தை நம் உழவர்கள் நன்கறிவர். சுழலும் தகடுகளால் நீரை வீசியெறியும் பம்பு உண்டாக்கும் அழுத்தம், அதனுள் இருக்கும் பொருளின் அடர்த்தியைப் பொறுத்தது. காற்றின் அடர்த்தி நீரின் அடர்த்தியில் ஏறத்தாழ எண்ணூறில் ஒரு பங்கு. காற்று புகுந்த பம்பு சுழலும், ஓசையும் எழுப்பும், ஆனால் நீரைத் தள்ளாது. நீராலேயே மசகு பெறும் அதன் தாங்கிகள் விரைவில் தேய்ந்தும் போகும்.

விளையும் தீங்கு

வினாடிக்குக் கால் கிலோகிராம் காற்றை உட்கொள்ளும் இஞ்சினை எடுத்துக்கொள்வோம். அக்காற்றை 50 டிகிரி குளிர்விக்க, சுமார் 12.5 கிலோவாட் அளவு உஷ்ணத்தை நீர் சுமந்து செல்ல வேண்டும். நிமிஷத்திற்கு 15 லிட்டர் நீர் ஓடினால், இவ்வளவு உஷ்ணத்தை ஏற்றும் நீர் 12 டிகிரி மட்டுமே சூடேறும். காற்றுத் தடையால் ஓட்டம் 5 லிட்டராகக் குறைந்தால், அதே உஷ்ணத்தைச் சுமக்க நீர் 36 டிகிரி சூடேற நேரிடும். அவ்வாறு சூடேறிய நீரால் காற்றை முன்போல் குளிர்விக்க முடியாது. மேலும், இன்டர்கூலரில் காற்று நிரம்பிய பகுதி உஷ்ணத்தைக் கடத்துவதில் இல்லாததற்கே ஒப்பாகும்.

நுழைவாயிலில் காற்று 50 டிகிரி கூடுதலாகச் சூடேறியிருந்தால், பிஸ்டன் அதை மேலும் அழுத்தி முடிக்கும்போது அவ்வேற்றத்தாழ்வு நூறு டிகிரிக்கு மேல் பெருகிவிடும். அப்போது பொறியால் பற்றிய தீ வந்து தொடுமுன்னரே கலவையின் ஒரு பகுதி தானாக வெடித்து, இஞ்சின் தட்டத் தொடங்குகிறது. இத்தட்டல் நீடித்தால் பிஸ்டன் உருகித் துளைபடுவதும் உண்டு. தற்காலக் கார்களில் உள்ள மின்னணுக் கட்டுப்பாடு இவ்வாபத்தை உணர்ந்து, பொறியிடும் நேரத்தைப் பின்தள்ளி இஞ்சினைக் காக்கிறது. ஆனால் அதற்கு விலையாகத் திறன் குறைகிறது. காரணம் அறியாத சொந்தக்காரர் பெட்ரோலைக் குறைகூறுவார். ஸ்பார்க் பிளக்கையும் பம்பையும் மாற்றுவார். பணம் செலவாகும், குறை தீராது.

அறிகுறிகளைக் கண்டுகொள்வது கடினமன்று. முதன்முறை வேகமெடுக்கும்போது நன்றாக ஓடிய கார், அடுத்தடுத்த முறைகளில் சோர்வது ஓர் அறிகுறி. நின்றுகொண்டிருக்கையில் உள்செல்லும் காற்றின் உஷ்ணநிலை ஏறிக்கொண்டே போவதும், தணிய நெடுநேரம் ஆவதும் மற்றோர் அறிகுறி. குழாய்களில் களகளவென்ற ஓசை எழுவது, தொட்டியில் நீர் அசையாமலோ நுரைத்தோ இருப்பது, பம்பின் ஓசை ஏறியும் இறங்கியும் கேட்பது ஆகியவையும் காற்றையே சுட்டுகின்றன.

வெளியேற்றும் முறைகள்

முதல் முறை புவியீர்ப்பின் துணையை நாடுவது. இஞ்சின் நன்கு குளிர்ந்த பின், காரின் முன்புறத்தை உறுதியான தாங்கிகளின்மேல் உயர்த்தியோ, தொட்டியின் வாயில் நீர் கசியாதபடி உயரமான புனலைப் பொருத்தியோ, நீர் ஊற்றும் வாயை அச்சுற்றில் மிக உயர்ந்த இடமாக்க வேண்டும். இன்டர்கூலரின் உச்சியில் காற்று போக்கும் திருகு இருப்பின் அதைத் தளர்த்தி, குமிழியற்ற நீர் வரும்வரை ஊற்றி, பிறகு இறுக்கலாம். அடுத்து, இஞ்சினை இயக்காமல் பம்பை மட்டும் ஓட்ட வேண்டும். ஒரு நிமிஷம் ஓட்டிச் சில நிமிஷங்கள் நிறுத்துவது நலம். நீர் அசையாதிருக்கும் வேளையில் சிறு குமிழிகள் ஒன்றுகூடி மேலேற அவகாசம் கிடைக்கிறது. ரப்பர் குழாய்களைக் கையால் அமுக்கி விடுவதும் ஒளிந்துள்ள குமிழிகளை அசைக்கும். நீர்மட்டம் இறங்க இறங்க ஊற்றிக்கொண்டே இருக்க வேண்டும். தொட்டி ஒருமுறை வறண்டால் பம்பு புதுக்காற்றை உறிஞ்சிக்கொள்ளும். பட்ட பாடு வீணாகும்.

இரண்டாம் முறை வெற்றிட முறை. தேர்ந்த பட்டறைகள் இதையே விரும்புகின்றன. அழுத்திய காற்றைக் குறுகிய துளை வழியே பாயவிட்டு, அதன் உறிஞ்சலால் நீர்ச்சுற்றிலுள்ள காற்றை முதலில் வெளியேற்றுகின்றனர். சுற்றின் கொள்ளளவு 6 லிட்டர் என்றும், அழுத்தம் வாயுமண்டலத்தின் பத்தில் ஒரு பங்குக்கு இறங்கியது என்றும் கொள்வோம். வால்வைத் திறந்ததும் வெளியழுத்தமே நீரை உள்ளே தள்ளி நிரப்புகிறது. பாயில் விதியின்படி எஞ்சிய காற்று 0.6 லிட்டராகச் சுருங்கிவிடும். மறுமுறையும் உறிஞ்சினால் அதிலும் பெரும்பகுதி நீங்கும். நிரப்புமுன் சில நிமிஷங்கள் வெற்றிடம் குறையாமல் நிற்கிறதா என்று பார்ப்பதால், கசிவு உண்டா என்பதும் தெரிந்துவிடுகிறது. இதைச் சூடான நிலையில் செய்தல் கூடாது. பத்தில் ஒரு பங்கு அழுத்தத்தில் நீர் சுமார் 46 டிகிரியிலேயே கொதிக்கத் தொடங்கும்.

எம்முறையைக் கையாண்டாலும், இரண்டொரு நாள் ஓட்டிய பின் நீர்மட்டத்தை மறுபடி பார்த்தல் அவசியம். சாதாரண உஷ்ணநிலையில் நீர் தன் கன அளவில் சுமார் 2 சதவீதம் காற்றைக் கரைத்து வைத்திருக்கிறது. நீர் சூடேறும்போது அதில் ஒரு பகுதி பிரிந்து குமிழியாகிறது.

எச்சரிக்கைகள்

காற்றைப் போக்கிய பின்னும் அது மீண்டும் மீண்டும் சேருமாயின், மேலும் மேலும் போக்கிக்கொண்டிருப்பது நோயை மறைத்து வைப்பதாகும். குழாய் இணைப்பு தளர்ந்திருக்கலாம். அல்லது இன்டர்கூலருக்குள்ளேயே வெடிப்பு கண்டிருக்கலாம். பின்னது மிகக் கொடியது. வேகமெடுக்கும்போது அழுத்தம் மிகுந்த காற்று நீருக்குள் புகும். இஞ்சின் மெல்ல ஓடும்போது உறிஞ்சலால் நீர் சிலிண்டருக்குள் போகும். நீர் அழுத்தத்தால் சுருங்காதது. சிலிண்டரில் அது தேங்கினால் பிஸ்டன் தண்டு வளைந்துவிடும். இந்நிலையில் காரை ஓட்டாது நிறுத்திச் சோதிப்பதே அறிவுடைமை.

நீருடன் கலக்கும் எத்திலீன் கிளைக்கால் இனிப்புச் சுவையுள்ள நஞ்சு. வடித்த திரவத்தைக் குழந்தைகளும் பிராணிகளும் அணுகாத இடத்தில் மூடி வைக்க வேண்டும். குழாய் நீரிலுள்ள உப்புகள் நுண்ணிய வழிகளை அடைக்கும். வாலை வடித்த நீரே ஏற்றது. உறைபனி இல்லாத ஊர்களிலும் துருவைத் தடுக்கும் மருந்து கலந்திருத்தல் இன்றியமையாதது.

இச்செய்தி சூப்பர்சார்ஜர் பொருத்திய சில கார்களுக்கு மட்டும் உரியதன்று. மின்கலத்தால் ஓடும் பல வண்டிகளில் மின்கலத் தொகுதியைக் குளிர்விக்க இத்தகைய திரவச் சுற்றுகள் இன்று ஓடுகின்றன. அங்கும் நீர் தாழ்விடத்தையும் காற்று மேடான இடத்தையும் நாடும் விதி மாறுவதில்லை. உயர்ந்த இடத்தில் வழி திறந்து, காற்று மேலேறுவதற்கு வேண்டிய காலத்தையும் கொடுத்தால், சிறைப்பட்ட காற்று தானே வெளியேறும்.