பாத்திரமேற்பு விளையாட்டில் கற்பனை உலக வரலாற்றை அறிமுகப்படுத்துதல்

மேசையைச் சுற்றி அமர்ந்து, பேச்சாலும் பகடையாலும் ஆடப்படும் கதை விளையாட்டு பாத்திரமேற்பு விளையாட்டு ஆகும். ஆங்கிலத்தில் இது ரோல் பிளேயிங் கேம் எனப்படுகிறது. கேரி கைகாக்ஸ், டேவ் ஆர்னசன் ஆகியோர் உருவாக்கி 1974-இல் வெளியான 'டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ்' இவ்வகையின் முதல் வணிக விளையாட்டாகக் கருதப்படுகிறது. ஒவ்வொரு ஆட்டக்காரரும் ஒரு பாத்திரத்தை ஏற்பார். உலகையும் மற்ற மாந்தரையும் ஆட்ட நடத்துநர் விவரிப்பார். பல வாரங்கள் அல்லது மாதங்கள் நீளும் ஆட்டம் தொடர் ஆட்டம் எனப்படும்.

தொடர் ஆட்டம் நிகழும் கற்பனை உலகுக்குப் பல்லாயிரம் ஆண்டு வரலாறு எழுதப்பட்டிருக்கலாம். அதை ஆட்டக்காரர்களுக்கு எப்படித் தெரிவிப்பது என்பது ஆட்ட நடத்துநர்கள் வழக்கமாகச் சந்திக்கும் சிக்கலாகும்.

சிக்கலின் தன்மை

நாவல் வாசகர் வரலாற்றை அறியாமலே கதையைத் தொடரலாம். முடிவுகளை எடுப்பவர் கதாசிரியர். இங்கு முடிவெடுப்பவர் ஆட்டக்காரரே. எந்த அரசரை நம்புவது, எந்த ஊருக்குள் நுழையக் கூடாது என்பதை அறியாதவரால் தன் பாத்திரத்தை முழுமையாக ஆட முடியாது. அறிந்தவர் மட்டும் பேச, மற்றவர் வேடிக்கை பார்க்கும் நிலை உருவாகும். அதற்காக ஐம்பது பக்கக் குறிப்பைக் கொடுத்துப் படிக்கச் சொன்னால் பெரும்பாலோர் படிப்பதில்லை. படித்தாலும் பெயர்கள் நினைவில் நிற்பதில்லை. ஒரு செய்தி பாத்திரத்தின் முடிவு ஒன்றுக்குக் காரணமாகும்போதுதான் அது மனத்தில் பதிகிறது. புகழ்பெற்ற மூன்று கற்பனை உலகங்கள் இதற்கு மூன்று வெவ்வேறு வழிகளைக் கையாண்டுள்ளன.

அயலாராக நுழைதல்: டெகுமெல்

தெற்காசிய மொழிகளை ஆய்ந்த அமெரிக்கப் பேராசிரியர் எம். ஏ. ஆர். பார்க்கர் உருவாக்கிய உலகம் டெகுமெல். இது 1975-இல் 'எம்பயர் ஆப் தி பெட்டல் த்ரோன்' என்னும் விளையாட்டாக வெளிவந்தது. இதன் வரலாறு மிக ஆழமானது. தொலைதூர எதிர்காலத்தில் மனிதர் வேறு உயிரினங்களுடன் அக்கோளில் குடியேறினர். பின்னர் ஒரு பேரழிவில் அக்கோள் அண்டத்திலிருந்து துண்டிக்கப்பட்டது. வானில் விண்மீன்கள் மறைந்தன.

இவை எதையும் புதியவர் அறிந்திருக்கத் தேவையில்லை. முதல் விதிநூலின்படி, அவரது பாத்திரம் சிறு படகில் ஜக்காலா துறைமுகத்துக்கு வந்து சேரும் அந்நியர். அயலார் குடியிருப்பில் தங்கி, உள்ளூர்ப் பெரியவர் எவரிடமேனும் வேலை தேட வேண்டும். ஆட்டக்காரரின் அறியாமையும் பாத்திரத்தின் அறியாமையும் ஒன்றாக இருப்பதால் எந்தக் கேள்வியையும் தயங்காமல் கேட்கலாம்.

இங்கு வரலாறு பொருள்கள் வழியாகவும் பேசுகிறது. உலோகம் அரிதென்பதால் ச்லென் என்னும் விலங்கின் தோலைப் பதப்படுத்திக் கவசம் செய்கின்றனர். நிலத்தடி இடிபாடுகளில் பழங்கால இயந்திரக் கருவிகள் கிடைக்கின்றன. த்சோல்யானி மொழியில் எதிரிலிருப்பவரின் தகுதிக்கேற்பப் பல முன்னிலைச் சொற்கள் உள்ளன. நீ, நீர், நீங்கள் என்னும் வேறுபாட்டை அறிந்த தமிழருக்கு, தவறான சொல் எத்தகைய விளைவைத் தரும் என்பது எளிதில் புரியும்.

குடும்பத்தின் வழியே: குளோராந்தா

கிரெக் ஸ்டாபோர்டின் குளோராந்தா 1975-இல் ஒரு பலகை விளையாட்டின் களமாக அறிமுகமானது. 1978-இல் 'ரூன்குவெஸ்ட்' பாத்திரமேற்பு விளையாட்டு இவ்வுலகைப் பயன்படுத்தியது. 2018-இல் வெளியான ரூன்குவெஸ்ட் பதிப்பில் பாத்திரத்தை உருவாக்கும் படிநிலையிலேயே வரலாறு இணைக்கப்பட்டுள்ளது.

ஆட்டம் குளோராந்தா ஆண்டுக்கணக்கில் 1625-ஐ ஒட்டித் தொடங்குகிறது. அதற்கு முன் ஆட்டக்காரர் தன் பாட்டன் அல்லது பாட்டி, பின் தந்தை அல்லது தாய், இறுதியாகத் தன் பாத்திரம் என ஆண்டு வாரியாகப் பகடை உருட்டுகிறார். 1602-இல் சந்திரப் பேரரசு போல்டுஹோம் நகரைக் கைப்பற்றியபோது குடும்பத்தார் எங்கிருந்தனர் என்பதும் தெரியவருகிறது. அவர் அப்போரில் இறந்திருந்தால், பேரனுக்குப் பேரரசின் மீதான வெறுப்பு ஒரு மதிப்பெண்ணாகவே பாத்திரத் தாளில் ஏறலாம்.

ஒரே நிகழ்வு பேரரசின் பக்கம் நின்ற குடும்பத்துக்கு வெற்றி. சார்ட்டார் நாட்டுக் குடும்பத்துக்கு இழப்பு. வரலாறு சொல்பவரைப் பொறுத்து மாறும் என்பதை ஆட்டக்காரர் விளக்கமின்றியே உணர்கிறார்.

அண்மை நிகழ்வும் விடையற்ற கேள்வியும்: எபரான்

விசார்ட்ஸ் ஆப் தி கோஸ்ட் நிறுவனம் 2002-இல் நடத்திய தேடலில் கீத் பேக்கரின் திட்டம் தேர்வானது. எபரான் நூல் 2004-இல் வெளியானது. இங்கு முதலில் அறிய வேண்டிய வரலாறு சிறியது. ஐந்து நாடுகளுக்கிடையே இறுதிப் போர் நூறாண்டுக்கு மேல் நடந்தது. 994-இல் சைர் நாடு ஒரே நாளில் அழிந்தது. 996-இல் உடன்படிக்கை ஏற்பட்டது. ஆட்டம் 998-இல் தொடங்குகிறது.

ஆகவே வயதுவந்த ஒவ்வொரு பாத்திரமும் போரைக் கண்டவரே. "போரின்போது நீ என்ன செய்தாய்?" என்ற ஒரு கேள்வியே படைவீரரையும் அகதியையும் ஒற்றரையும் உருவாக்கிவிடும். போருக்கென்றே செய்யப்பட்டு, உடன்படிக்கையால் விடுதலை பெற்ற வார்போர்ஜ்டு இனத்தவரும் பாத்திரங்களாக வரலாம். சைர் ஏன் அழிந்தது என்பதற்கு அதிகாரப்பூர்வ நூல்கள் வேண்டுமென்றே விடை தருவதில்லை. அது ஒவ்வொரு குழுவுக்கும் விடப்பட்டுள்ளது.

நடைமுறை வழிகள்

• தொடக்கக் குறிப்பை ஒரு பக்கத்துக்குள் அடக்குதல். அவ்வூர்ச் சிறுவனுக்கும் தெரிந்திருக்கக் கூடியவை மட்டும் அதில் போதும்.
• ஒவ்வொரு செய்தியையும் ஒரு மனிதர், இடம் அல்லது பொருளுடன் இணைத்தல். "முப்பதாண்டுப் போர் நடந்தது" என்பதைவிட, ஒரு கை இழந்த படகோட்டி மனத்தில் நிற்பார்.
• வெவ்வேறு பாத்திரங்களுக்கு வெவ்வேறு செய்திகளைத் தருதல். இதனால் அவர்கள் தமக்குள் பேசிக்கொள்ள வேண்டியிருக்கும்.
• வெற்றிடங்களை விட்டுவைத்தல். பென் ராபின்ஸின் 'மைக்ரோஸ்கோப்' (2011) விளையாட்டில் நடத்துநரே இல்லை. எல்லோரும் சேர்ந்து ஓர் உலகின் காலவரிசையை உருவாக்குகின்றனர். அதைத் தொடர் ஆட்டத்துக்கு முன்னதாக ஆடலாம்.

வரம்புகள்

அயலார் வழி எளிது. ஆனால் பாத்திரங்களுக்கு உள்ளூரில் உறவோ கடமையோ இல்லாததால் பிணைப்பு தாமதமாகவே வரும். குடும்ப வரலாற்று முறை முதல் அமர்வின் பெரும்பகுதியை எடுத்துக்கொள்ளும். அண்மைப் போரை மையமாகக் கொண்டால் படுகொலை, இடப்பெயர்வு போன்றவை ஆட்டத்தில் வரும். இவற்றைத் தம் வாழ்வில் கண்டவர் ஆட்டக்காரர்களிடையே இருக்கக்கூடும் என்பதால், எவற்றைப் பேசலாம், எவற்றைத் தவிர்க்கலாம் என்பதை ஆட்டத்துக்கு முந்தைய கலந்துரையாடலிலேயே முடிவு செய்வது நல்லது. 'செஷன் ஜீரோ' எனப்படும் அந்த அமர்வே வரலாற்று அறிமுகத்துக்கும் ஏற்ற இடமாகும்.