காரைக்கால் தரிசில் சோயா: தனித்தனி ஆய்வு ஏன் போதாது?

மீல் மேக்கர் குழம்பு தெரியாத வீடு நம்ம பக்கத்தில் இருக்காது. ஆனால் அந்த மீல் மேக்கர் எந்தச் செடியிலிருந்து வருகிறது, அதை இங்கே ஏன் யாரும் போடுவதில்லை என்று கேட்டால் பலருக்கும் பதில் தெரியாது. இந்தியாவில் 1970 வாக்கில் சுமார் 30,000 ஹெக்டேரில் இருந்த சோயா இன்று ஒரு கோடி ஹெக்டேருக்கு மேல் போய்விட்டது. அதில் பெரும்பகுதி மத்தியப் பிரதேசம், மகாராஷ்டிரம், ராஜஸ்தான். காவிரிக் கடைமடையில் சம்பா அறுத்த பிறகு நிற்பது இன்றும் உளுந்தும் பச்சைப் பயறும்தான்.

இத்தனைக்கும் இங்கே ஆய்வு நடக்காமல் இல்லை. ஆடுதுறை நிலையத்தின் பெயரிலேயே ஏடிடி 1 என்று ஒரு சோயா ரகம் இருக்கிறது, அதுவும் நெல் தரிசுக்கு ஏற்றது என்று சொல்லப்பட்ட ரகம். அப்புறம் ஏன் அது வயலில் நிலைக்கவில்லை? என் கருத்தில் இது ஒரு ரகத்தின் குறை இல்லை. ஒரு துறை மட்டும் தீர்க்க முடியாத கேள்வியைத் துறைகள் தனித்தனியாகத் தீர்க்கப் பார்க்கும்போது இப்படித்தான் ஆகும். அதைக் கொஞ்சம் விரிவாக எழுதுகிறேன்.

ஒரே செடி, ஐந்து பிரச்சினை

முதலில் பகல் நீளம். சோயா குறும்பகல் பயிர். இரவு நீண்டால் சீக்கிரம் பூத்துவிடும். இல்லினாய் மாநிலத்து உர்பானா 40 டிகிரி வடக்கில் இருக்கிறது, காரைக்கால் 11 டிகிரிக்குச் சற்றுக் கீழே. அங்கே கோடையில் 15 மணி நேரப் பகலில் நெஞ்சுயரம் வளரும் ரகம், இங்கே தை மாசியில் முழங்கால் உயரம் வருவதற்குள் பூவெடுத்துவிடும். செடி சிறுத்தால் காயும் குறையும். இது ரகம் உருவாக்குபவரின் வேலை.

இரண்டாவது விதை. டெல்டாவில் உளுந்தை எப்படிப் போடுகிறோம்? சம்பா அறுவடைக்கு ஒரு வாரம், பத்து நாள் முன்னால், வயல் மெழுகுப் பதத்தில் இருக்கும்போது நிற்கிற நெல்லுக்குள்ளேயே தூவிவிடுவோம். சின்ன விதை, சேற்றில் பதிந்து முளைத்துக்கொள்ளும். சோயா விதை அதைவிட இரண்டு மடங்குக்கு மேல் எடை. முளைக்கவே தன் எடையில் பாதி அளவு தண்ணீர் குடிக்க வேண்டும். ஈரம் குறைந்தால் முளைக்காது, கூடினால் அழுகிவிடும். தோலும் மெல்லிசு. கதிரடிக்கும்போது பட்ட அடியும், கடலோரத்து ஈரக்காற்றும் சேர்ந்தால் அடுத்த பட்டத்துக்குள் முளைப்புத்திறன் இறங்கிவிடும். சான்று விதைக்கு உளுந்தில் குறைந்தது 75 சதவீத முளைப்பு கேட்கும் சட்டம், சோயாவுக்கு 70 சதவீதம் போதும் என்கிறது. அந்த 5 சதவீதத் தள்ளுபடியே சோயா விதையின் சுபாவத்தைச் சொல்லிவிடும். இது விதை நுட்பக்காரரும் உழவியல்காரரும் சேர்ந்து பார்க்க வேண்டியது.

மூன்றாவது வேர் முடிச்சு. உளுந்துக்கும் தட்டைப்பயறுக்கும் வேண்டிய ரைசோபியம் நம் மண்ணிலேயே கிடக்கிறது. சோயா கேட்பது பிராடிரைசோபியம் ஜப்பானிக்கம். சோயா போட்டுப் பழகாத மண்ணில் அது போதுமான அளவு இருக்காது. விதையோடு கலந்து கொடுக்க வேண்டும். இது மண் நுண்ணுயிர் ஆய்வாளர் கை.

நான்காவது மஞ்சள் தேமல். வெள்ளை ஈ பரப்பும் வைரஸ் நோய். இதில்தான் பலர் கவனிக்காத விஷயம் ஒன்று உண்டு. உளுந்தைத் தாக்கும் அதே வைரஸ் சோயாவையும் தாக்கும். சுற்றி நாலா பக்கமும் உளுந்து நிற்கிற ஊரில் நடுவில் சோயா போட்டால், நோய் வெளியூரிலிருந்து வர வேண்டியதே இல்லை. அதோடு வட இந்தியாவில் பரவலாக இருக்கும் வைரஸ் இனமும் தென்னிந்தியாவில் பரவலாக இருப்பதும் ஒன்றல்ல. வடக்கே எதிர்ப்பு காட்டிய ரகம் இங்கேயும் தாங்கும் என்று நம்பி இறங்க முடியாது. அப்படியானால் சோயா ஆய்வாளர் உளுந்து ஆய்வாளரிடம் பேசாமல் இருக்க முடியுமா?

ஐந்தாவது சந்தை. உளுந்து விளைந்தால் வீட்டு இட்லிக்காவது ஆகும். சோயாவை நேரடியாக வேகவைத்துத் தின்கிற பழக்கம் நமக்கு இல்லை. அதிலுள்ள டிரிப்சின் தடுப்பானைச் சூடு கொடுத்து அடக்கினால்தான் உடம்பு ஏற்கும். எண்ணெய் ஆலையோ உணவுத் தொழிலோ பக்கத்தில் இல்லாவிட்டால் விவசாயி மூட்டையை வைத்துக்கொண்டு என்ன செய்வார்?

ஐந்தில் நாலைச் சரிசெய்து ஒன்றை விட்டாலும் பயிர் நிற்காது.

சேர்ந்து செய்தவர்கள் எப்படிச் செய்தார்கள்?

1936இல் அமெரிக்க வேளாண் துறை உர்பானாவில் ஒரு வட்டார சோயா ஆய்வகம் தொடங்கியது. வட மத்திய மாநிலங்கள் 12இன் ஆய்வு நிலையங்கள் அதில் சேர்ந்தன. தாங்கள் உருவாக்கிய வரிசைகளை எல்லோரும் பொதுவில் வைத்து, ஒரே முறையில் பல இடங்களில் போட்டுப் பார்த்தார்கள். பிறகு தென் மாநிலங்களும் சேர்ந்தன.

1960களில் இல்லினாய் பல்கலைக்கழகம் பந்த்நகர், ஜபல்பூர் வேளாண் பல்கலைக்கழகங்களோடு கைகோத்தது. அமெரிக்க ரகங்கள் இங்கே வந்தன. அவற்றில் ஊன்றியது எது என்று பாருங்கள்: 1963இல் புளோரிடாவில் வெளியான பிராக். இல்லினாய் வயலுக்கு என்று வளர்த்த ரகங்களைவிட, தெற்கிலிருந்து வந்தது நம் பகல் நீளத்துக்கு ஒத்துப்போனது. ஒரே ஒரு நிலையத்தோடு மட்டும் உறவு வைத்திருந்தால் இது கிடைத்திருக்காது.

1967இல் அகில இந்திய ஒருங்கிணைந்த சோயா ஆய்வுத் திட்டம் வந்தது. நாட்டை மண்டலங்களாகப் பிரித்து, புது வரிசைகளைப் பெயர் மறைத்துக் குறியீட்டு எண்ணோடு எல்லா மையங்களுக்கும் அனுப்புவார்கள். தன் பிள்ளை எது, பக்கத்து வீட்டுப் பிள்ளை எது என்று தெரியாமலேயே அளக்க வேண்டும். ஒப்பிடும் ரகமும் எல்லோருக்கும் ஒன்றே. ஆண்டுக்கு ஒருமுறை கூடி, எது மேலே போகும், எது கழியும் என்று முடிவு செய்வார்கள். 1994இல் வந்து பல ஆண்டுகள் மத்திய இந்தியாவை ஆண்ட ஜேஎஸ் 335 இந்த வழியில் வெளிவந்ததுதான்.

இன்னொரு உதாரணம் எனக்கு ரொம்பப் பிடித்தது. மஞ்சள் தேமலுக்கு எதிர்ப்புத் தேடிய பந்த்நகர்காரர்களுக்கு அது கிடைத்தது, அமெரிக்க விதைச் சேகரிப்பில் பி.ஐ. 171443 என்ற எண்ணில் இருந்த ஒரு வரிசையில். அமெரிக்க வயலில் இல்லாத நோய்க்கு மருந்து, அமெரிக்க விதைப் பெட்டியில் கிடந்திருக்கிறது. அங்கே இருந்தவர்களுக்கு அதன் மதிப்பு தெரிய வழியே இல்லை. விதை கைமாறி, நோய் இருக்கிற மண்ணுக்கு வந்த பிறகுதான் தெரிந்தது.

நம் பக்கத்துக் கணக்கு

காரைக்கால் சுமார் 160 சதுர கிலோமீட்டர். சுற்றிலும் தமிழ்நாடு, ஒரு பக்கம் கடல். காவிரி நடுவர் மன்றம் 2007இல் புதுச்சேரிக்கு என்று 7 டிஎம்சி தனியாக எழுதியது. ஆனால் அரசலாற்றுக்கு எல்லைக்கல் தெரியாது, வெள்ளை ஈக்கும் தெரியாது. செருமாவிலங்கையில் பண்டித ஜவாஹர்லால் நேரு வேளாண் கல்லூரி 1987இல் தொடங்கியது. இந்தூரில் தேசிய சோயா ஆய்வு மையம் தொடங்கியதும் அதே ஆண்டுதான். எல்லைக்கு அந்தப் பக்கம் ஆடுதுறை, அண்ணாமலை நகர், புதுக்கோட்டைப் பக்கம் வம்பன் பயறு ஆய்வு மையம். எல்லாம் ஒரு பகல் பஸ் பயணத்துக்குள். ஆனால் நிர்வாகம் வேறு, நிதி வேறு, அறிக்கை போகிற மேசை வேறு.

பெரிய திட்டம் எதுவும் வேண்டாம், சின்னதாகத் தொடங்கலாம் என்பது என் யோசனை. நாலு இடம், மூன்று சோயா ரகம், இரண்டு விதைப்பு நாள், நுண்ணுயிர் கலந்தும் கலக்காமலும். ஒரே விதைக் குவியலிலிருந்து எல்லோருக்கும் பங்கு. ஒரே பதிவுத் தாள்: முளைப்பு, பூக்கும் நாள், பூக்கும்போது வேர் முடிச்சு எண்ணிக்கை, தேமல் மதிப்பெண், விளைச்சல், ஆறு மாதம் கழித்து விதையின் முளைப்பு. கடைசியாகச் சொன்னதை யாரும் எடுப்பதில்லை, ஏனென்றால் அதற்குள் மாணவரின் ஆய்வேடு பைண்ட் ஆகிவிடும்.

ஒன்றை மட்டும் நான் விட்டுக்கொடுக்க மாட்டேன். ஒப்பிடும் பயிராக உளுந்தும் அதே வயலில் நிற்க வேண்டும், ஏடிடி 3 மாதிரி ஊரே அறிந்த ரகம். சோயா ஆய்வாளர் சோயாவைச் சோயாவோடுதான் ஒப்பிடுவார். விவசாயி அப்படிப் பார்ப்பதில்லை. 'உளுந்தை விட்டுட்டு இதைப் போட்டா எனக்கு என்ன மிஞ்சும்?' என்றுதான் கேட்பார். அந்தக் கேள்விக்குப் பதில் இல்லாத சோதனை, கட்டுரைக்கு ஆகும், வயலுக்கு ஆகாது.

அடுத்தது பெயர். கூட்டு ஆய்வுகள் பெரும்பாலும் அறிவியலால் உடைவதில்லை, யார் பெயர் முதலில் என்பதில் உடைகின்றன. அதனால் விதைப்புக்கு முன்பே எழுதிவைத்துவிட வேண்டும்: எந்தத் தரவு யாருடையது, எந்தக் கட்டுரைக்கு யார் முதல், விலகிப் போனால் தரவு என்ன ஆகும். ஒரு பக்கத் தாள் போதும். கல்யாணத்துக்கு முன் சீர் பேசுவது மாதிரி, பேசும்போது கொஞ்சம் சங்கடமாக இருக்கும், பிறகு சண்டை இருக்காது.

மூன்று ஆண்டு இப்படிப் பார்த்து, தரிசில் உளுந்தை சோயா ஜெயிக்கவில்லை என்று தெரிந்தால் அதையும் அச்சில் போட வேண்டும். எந்த இடத்தில் தோற்றது, முளைப்பிலா, தேமலிலா, விலையிலா என்று எண்ணோடு சொல்ல வேண்டும். இல்லாவிட்டால் பத்து வருடம் கழித்து இன்னொரு மாணவர் அதே வயலில் அதே விதையை முதலிலிருந்து தூவுவார்.