லாபம் எவ்வளவுன்னு பார்த்தீங்க... அதை சரிபார்த்தது யாருன்னு பார்த்தீங்களா?

ராயபுரத்தில் பஸ் ஏறி வடக்கே போனால் திருவொற்றியூரில் எம்.ஆர்.எஃப், எண்ணூரில் அசோக் லேலண்ட் என பங்குச் சந்தையில் இருக்கும் கம்பெனிகளின் கேட்டைப் பார்க்கலாம். எந்தக் கம்பெனியானாலும் நாம கேட்டைத்தான் பார்க்க முடியும். உள்ளே கணக்கைப் பார்க்க வேண்டியது இயக்குநர் குழுவும் ஆடிட்டரும்தான்.

அவங்க கோட்டைவிட்டால் என்ன ஆகும்? ஹைதராபாத் 'சத்யம்' நிறுவனமே சாட்சி. 2008 செப்டம்பர் காலாண்டில் செயல்பாட்டு லாபம் 649 கோடி ரூபாய்னு காட்டினாங்க. உண்மையில் வந்தது 61 கோடி. கணக்கில் இருந்த ரொக்கத்தில் 5,040 கோடி வெறும் கற்பனை. 2009 ஜனவரி 7-ல் தலைவர் ராமலிங்க ராஜுவே கடிதம் எழுதி ஒப்புக்கொள்ளும் வரை குழுவில் இருந்த சுயாதீன இயக்குநர்கள்கூட கண்டுபிடிக்கலை.

அதன்பிறகு வந்த 2013 கம்பெனிகள் சட்டப்படி, பட்டியலிட்ட கம்பெனியின் குழுவில் மூன்றில் ஒரு பங்கு சுயாதீன இயக்குநர்கள் இருக்கணும். 10 வருஷத்துக்கு மேல் ஒரே ஆடிட் நிறுவனம் தொடரக் கூடாது.

ஆனாலும், ஷேர் வாங்கும் முன் நீங்களும் மூணு விஷயம் பாருங்க. ஆடிட்டர் பாதியில் விலகினாரா? நிறுவனர் குடும்பத்தின் மற்ற கம்பெனிகளோடு கொடுக்கல் வாங்கல் உண்டா? நிறுவனர் தன் பங்குகளை அடகு வச்சிருக்காரா? சத்யத்தில் ராஜு குடும்பத்தின் பங்குகள் அடகில்தான் இருந்தன. உங்க ரிட்டயர்மென்ட் பணம்... ஆண்டறிக்கையைப் புரட்ட ஒரு மணி நேரம் ஒதுக்கலாமே!